கேனான் 80டி கேமராவுக்குப் பேட்டரி கிரிப்: அசல் தயாரிப்பா, பிற நிறுவனத் தயாரிப்பா?

மேடையோரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகக் கேனான் 80டி கேமராவைப் பயன்படுத்தி வருகிறேன். நாடகம், நடனம் போன்ற மேடை நிகழ்ச்சிகளைப் படமெடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. தனித்து நிற்கும் ஒரு கலைஞரைத் தலை முதல் கால் வரை சட்டகத்துக்குள் கொண்டுவர வேண்டியிருப்பதால், நான் எடுக்கும் படங்களில் பாதிக்கும் மேற்பட்டவை செங்குத்தாகவே அமைகின்றன. 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைப் பொருத்திய கேமராவைத் திருப்பிப் பிடித்து, வலது முழங்கையை உயர்த்தியபடியே இரண்டு மணி நேரம் நிற்கும்போது தோள்பட்டை வலிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த முழங்கை பின்வரிசையில் அமர்ந்திருப்பவரின் பார்வையையும் மறைக்கிறது என்பதை ஒருவர் என்னிடம் நேரிலேயே சொல்லிவிட்டார்.

ஆகவே பேட்டரி கிரிப் (கேமராவின் அடியில் பொருத்தும், பேட்டரிகளையும் செங்குத்துப் பிடிக்கான பொத்தான்களையும் கொண்ட துணைக்கருவி) ஒன்றை வாங்கலாம் என்று எண்ணுகிறேன். 80டி கேமராவுக்குக் கேனான் நிறுவனமே தரும் மாதிரி பிஜி-இ14 என்பதை அறிந்திருக்கிறேன். அதே வடிவத்தில் பிற நிறுவனங்கள் செய்யும் கிரிப்கள் பல மடங்கு மலிவாகக் கிடைக்கின்றன. படத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்த விலை வேறுபாட்டுக்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது என்பதே என் முதன்மையான கேள்வி. கிரிப்பைப் பொருத்தினால் தொடர் படப்பிடிப்பின் வேகம் கூடும் என்று ஒருவர் சொன்னார், அது 80டி கேமராவுக்கும் பொருந்துமா? ஏஏ அளவுக் கலங்களைப் போட்டுப் பயன்படுத்தும் தட்டு உண்மையிலேயே பயன்படுகிறதா, அல்லது பெட்டியிலேயே கிடக்கப்போகும் பொருளா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுஞ்சட்டம் (மறுமொழி):

வணக்கம் நண்பரே. நீங்கள் செய்யும் அதே வகை வேலையை நானும் செய்கிறேன். இதே கேமராவில் முதலில் ஒரு மலிவான கிரிப்பையும் பின்னர் அசல் பிஜி-இ14 கிரிப்பையும் பயன்படுத்தியிருக்கிறேன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், கிரிப்பை எதற்காக வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பெயரில் பேட்டரி இருப்பதால் பலரும் அதைக் கூடுதல் மின்சாரத்துக்கான பெட்டியாகவே பார்க்கிறார்கள். 80டி கேமராவில் வ்யூஃபைண்டர் வழியே எடுத்தால், ஒரு முழு மின்னேற்றத்துக்குச் சுமார் 960 படங்கள் கிடைக்கும் என்பது சிபா எனும் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கத்தின் தரமுறைப்படி வெளியிடப்பட்ட கணக்கு. அந்தச் சோதனையில் பாதிப் படங்கள் ஃபிளாஷுடன் எடுக்கப்படுகின்றன; மேடையில் ஃபிளாஷ் பயன்படுத்தாத நமக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. ஆகவே ஒரு மாலை நிகழ்ச்சிக்கு மின்சாரம் போதாமல் போவது அரிது. உங்களுக்குத் தேவைப்படுவது செங்குத்தான பிடியும், அந்தப் பிடியில் விரல் எட்டும் இடத்தில் இருக்கும் பொத்தான்களுமே. இதை ஏற்றுக்கொண்டால், எந்தக் கிரிப்பை வாங்குவது என்ற கேள்வி பெரும்பாலும் அந்தப் பொத்தான்களின் தரத்தைப் பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிடும்.

என் மலிவான கிரிப்பின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் குவியம் பிடிக்க வேண்டும், முழுவதும் அழுத்தினால் படம் பதிவாக வேண்டும் என்பதை நாம் அறிவோம். அந்தக் கிரிப்பில் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தூரம் மிகக் குறைவாக இருந்தது. விரலை வைத்துக் காத்திருக்கலாம் என்று நினைத்த நொடியிலேயே படம் பதிவாகிவிடும். வெளிச்சமான பகலில் இது ஒரு சிறு எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் மேடையில் முழு அமைதி நிலவும் ஒரு காட்சியில், தேவையில்லாத நேரத்தில் ஷட்டர் சத்தம் எழுவது எவ்வளவு சங்கடம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது இணைப்பின் உறுதி. 80டி கேமராவின் அடியிலுள்ள பேட்டரி மூடியைக் கழற்றிவிட்டு, கிரிப்பிலிருந்து மேலெழும் தண்டு போன்ற பகுதியைப் பேட்டரி அறைக்குள் செருகி, ட்ரைபாட் துளையில் ஒரே ஒரு திருகைக் கொண்டு இறுக்குகிறோம். கிரிப்பின் உடலும் மேல்தளமும் விறைப்பாக இல்லாவிட்டால், கனமான லென்ஸைத் தாங்கியபடி கேமராவைத் திருப்பும்போது அந்த ஒற்றைத் திருகைச் சுற்றி மெல்லிய ஆட்டம் ஏற்படுகிறது. ஒரு நடன நிகழ்ச்சியின் இறுதிப் பகுதியில் என் கேமரா திடீரென அணைந்து மீண்டும் உயிர்பெற்றது. திருகு அரைச்சுற்று தளர்ந்திருந்ததால் மின்தொடர்பு ஒரு கணம் விட்டுப்போயிருக்கிறது. அன்று இழந்தது நான்கைந்து நொடிகள்தான். ஆனால் கலைஞர் மேலே எழும்பிய கணம் அந்த நான்கைந்து நொடிகளுக்குள் போய்விட்டது. மலிவான கிரிப்கள் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு கிரிப்களுக்கு இடையிலேயே தரம் மாறுவதுண்டு. என் நண்பர் ஒருவர் அதே வகைக் கிரிப்பை இரண்டு ஆண்டுகளாகக் குறையின்றிப் பயன்படுத்துகிறார். அசல் தயாரிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இந்த நிச்சயத்துக்காகவே போகிறது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அசல் கிரிப்பிலும் குறைகள் உண்டு. பிஜி-இ14 கிரிப்பில் ஷட்டர் பொத்தான், முதன்மை டயல், குவியத்தைத் தொடங்கும் பொத்தான், ஒளியளவைப் பூட்டும் பொத்தான், குவியப்புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் ஆகியவை இருக்கின்றன. கேமராவின் முதுகிலுள்ள பெரிய சுழல் டயலுக்கு இணையான ஒன்று அதில் இல்லை. எனவே முழுக் கைமுறை அமைப்பில் ஷட்டர் வேகத்தைக் கிரிப்பின் டயலிலேயே மாற்றலாம்; லென்ஸின் துளை அளவை (ஒளி நுழையும் திறப்பை) மாற்றக் கட்டைவிரலைக் கேமராவின் முதுகுப்புறம்வரை நீட்ட வேண்டியிருக்கும். மேடையில் நான் துளையைப் பெரும்பாலும் எஃப்/2.8 அளவிலேயே விட்டுவிட்டு ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுவதால் இது எனக்குத் தடையாக இல்லை. நீங்கள் இரண்டையும் அடிக்கடி மாற்றுபவராக இருந்தால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிறு செய்தி: கிரிப்பின் பொத்தான்களை இயக்கவும் நிறுத்தவும் தனியாக ஒரு விசை இருக்கும். கேமராவைக் கிடையாகப் பிடித்து வேலை செய்யும்போது அதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளங்கை பட்டு டயல் நகர்ந்து, ஒளியளவு ஏன் தானாக மாறுகிறது என்று கேமராவைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு மாலை முழுவதும் அப்படிச் சந்தேகித்திருக்கிறேன்.

இரட்டைக்கண் (மறுமொழி):

வேகம் கூடுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்தக் கருத்து எங்கிருந்து பரவியது என்பதை நிக்கான் பயன்படுத்துபவன் என்ற முறையில் நான் அறிவேன்.

2007ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கான் டி300 தன் சொந்தப் பேட்டரியில் நொடிக்கு 6 படங்களை எடுக்கும். எம்பி-டி10 என்ற கிரிப்பைப் பொருத்தி, அதனுள் எட்டு ஏஏ கலங்களையோ, நிறுவனத்தின் பெரிய கேமராக்களுக்கான இஎன்-இஎல்4ஏ பேட்டரியையோ போட்டால் அது நொடிக்கு 8 படங்களாக உயரும். அடுத்த ஆண்டு வந்த டி700 கேமராவில் இதே கிரிப் வேகத்தை 5லிருந்து 8ஆக உயர்த்தியது. 2017இல் வந்த டி850 கேமராவிலும் எம்பி-டி18 கிரிப்புடன் பெரிய பேட்டரியைச் சேர்த்தால் 7 என்பது 9 ஆகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, வேகத்தைக் கூட்டுவது கிரிப் என்ற பெட்டி அன்று, அதற்குள் போகும் உயர் மின்னழுத்தம்தான் என்பது. எட்டு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் தொடராக இணையும்போது 9.6 வோல்ட் கிடைக்கிறது. கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியையும் ஷட்டரையும் இயக்கும் பொறி அதைக் கொண்டு விரைவாக இயங்குகிறது. அதே எம்பி-டி10 கிரிப்பில் டி300 கேமராவின் வழக்கமான பேட்டரியையே போட்டால் வேகம் இம்மியும் கூடாது.

கேனான் 80டி கேமராவின் நிலை வேறு. அதன் கிரிப்புக்குள் போவது உடலுக்குள் போகும் அதே வகைப் பேட்டரிகள்தான், மின்னழுத்தமும் அதேதான். நொடிக்கு 7 படங்கள் என்பது கிரிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 7தான். மேலும், மேடையில் நீங்கள் ஓசை குறைந்த தொடர் படப்பிடிப்பைப் பயன்படுத்துபவராக இருந்தால் அது நொடிக்குச் சுமார் 3 படங்களோடு நின்றுவிடும். அந்த அமைப்பில் வேகத்தைப் பற்றிய பேச்சே எழாது.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். டி300 போன்ற நிக்கான் மாதிரிகளில் கேமராவின் சொந்தப் பேட்டரி உடலுக்குள்ளேயே இருக்கும். கிரிப்புக்குள் இருப்பது கூடுதல். எதை முதலில் செலவழிப்பது என்பதைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். கிரிப்பிலுள்ளதை முதலில் தீர்க்கும்படி வைப்பதுதான் அறிவுடைமை, ஏனென்றால் உடலுக்குள் இருப்பதை மாற்ற வேண்டுமானால் கிரிப்பையே கழற்ற வேண்டியிருக்கும். உங்கள் கேனானில் இரண்டு பேட்டரிகளும் கிரிப்பின் தட்டுக்குள்ளேயே அமர்கின்றன. எனவே பேட்டரியை மாற்றத் தட்டை வெளியே இழுத்தால் கேமரா அணைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மேடையோரம்:

இருவருக்கும் நன்றி. வேகத்தைப் பற்றிய ஐயம் முற்றிலும் தீர்ந்தது. நெடுஞ்சட்டம் அவர்கள் குறிப்பிட்ட துளை அளவுச் சிக்கல் எனக்கும் இல்லை. நானும் மேடையில் துளையை மாற்றுவதில்லை. இரண்டு பேட்டரிகளைப் போட்டால் ஒன்று தீர்ந்த பிறகுதான் மற்றொன்று தொடங்குமா? என்னிடம் ஒரு எல்பி-இ6என் பேட்டரியும், பழைய எல்பி-இ6 பேட்டரி ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்பதையும் சொல்லுங்கள். ஏஏ கலங்களைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

பழைய ஃபிலிம்காரன் (மறுமொழி):

நான் கொஞ்சம் மாறுபட்ட கருத்துள்ளவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாண்டுகளில் மூன்று கேமராக்களுக்குக் கிரிப் வாங்கி, மூன்றையும் பெரும்பாலான நாட்களில் வீட்டிலேயே விட்டுச் சென்றவன் நான். 80டி கேமரா பேட்டரியுடன் சேர்த்து 730 கிராம். உங்கள் லென்ஸ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதனோடு கிரிப்பும் இரண்டாவது பேட்டரியும் சேரும்போது, ஏற்கெனவே வலிக்கும் தோளுக்கு இன்னொரு சிறு லென்ஸைத் தொங்கவிட்டது போலாகும். முழங்கை கீழே வந்துவிடுவதால் வலி குறையும் என்பது உண்மைதான். ஆனால் கழுத்தில் தொங்கும் எடை அப்படியே கூடும். இந்த இரண்டில் எது உங்களுக்குப் பெரியது என்பதை யாராவது ஒரு நண்பரின் கிரிப்பை ஒரு மாலைக்கு இரவல் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். கேட்டு அறிவதைவிடக் கையில் பிடித்து அறிவது எளிது.

உங்கள் லென்ஸில் ட்ரைபாட் வளையம் இருக்கிறது. ஒற்றைக்கால் தாங்கி ஒன்றில் அந்த வளையத்தைப் பூட்டிவிட்டு, வளையத்தைத் தளர்த்திக் கேமராவைத் தொண்ணூறு பாகை திருப்பினால், செங்குத்துப் படம் கிடைக்கும். எடையும் தோளில் இறங்காது. ஒரே இடத்தில் நின்று எடுப்பவருக்குக் கிரிப்பைவிட இது நல்ல வழி என்பது என் கருத்து. நீங்கள் அரங்கின் ஓரமாக நடந்துகொண்டே எடுப்பவராக இருந்தால் என் வாதத்தைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

இரண்டு பேட்டரிகளைப் பற்றி: கேனான் கிரிப்களில் மின்னழுத்தம் கூடுதலாக உள்ள பேட்டரியிலிருந்து முதலில் மின்சாரம் எடுக்கப்படுகிறது. அது மற்றதன் அளவுக்கு இறங்கிய பின் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இறங்கி, ஏறத்தாழ ஒன்றாகவே தீரும். ஆகவே "ஒன்று முழுதாகக் கையிருப்பில் இருக்கிறது" என்ற நம்பிக்கையில் இருக்க வேண்டாம். இரண்டும் தீர்ந்து நிற்கும் நிலை வரக்கூடும். மூன்றாவதாக ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். எல்பி-இ6 பேட்டரியின் கொள்ளளவு 1800 மில்லி ஆம்பியர் மணி, எல்பி-இ6என் பேட்டரியின் கொள்ளளவு 1865. இரண்டின் மின்னழுத்தமும் 7.2 வோல்ட் என்பதால் சேர்த்துப் போடுவதில் தவறில்லை. கேமராவின் பட்டியலில் பேட்டரித் தகவல் என்ற பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் எஞ்சியிருக்கும் அளவும், அதனால் எடுக்கப்பட்ட படங்களின் எண்ணிக்கையும், மின்னேற்றத்தைத் தாங்கும் திறனும் தனித்தனியே தெரியும். பழைய பேட்டரியின் திறன் மூன்று பச்சைக் கட்டங்களிலிருந்து ஒற்றைச் சிவப்புக் கட்டமாக இறங்கியிருந்தால் அதற்கு விடைகொடுத்துவிடுங்கள்.

இனி ஏஏ கலங்கள். ஆறு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் தொடராக இணைந்தால் ஆறு முறை 1.2 என 7.2 வோல்ட் கிடைக்கிறது. எல்பி-இ6என் பேட்டரியின் மின்னழுத்தமும் அதுவே என்பதால் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. 2000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள நல்ல கலங்கள் ஆறும் சேர்ந்து தருவது கிட்டத்தட்ட ஒரே ஒரு எல்பி-இ6என் தரும் ஆற்றலைத்தான். எடையைப் பாருங்கள்: ஒரு எல்பி-இ6என் சுமார் 80 கிராம், ஆறு ஏஏ கலங்களோ அதைப் போல் இரு மடங்கு. அதற்கு மேல், மின்னேற்ற அளவு கடைசிவரை சீராக இருப்பதுபோல் தோன்றி, பின் சட்டென்று சரிந்துவிடும். சாதாரண ஆல்கலைன் கலங்களின் நிலைமை இன்னும் மோசம். கலத்தின் மேல் 1.5 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் அவற்றின் உள்தடை அதிகம். கண்ணாடி எழுவது, ஷட்டர் இயங்குவது, லென்ஸின் அதிர்வுத் தடுப்பு வேலை செய்வது ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் படுத்துவிடும். குளிரில் இன்னும் விரைவாகப் படுத்துவிடும். மின்னேற்ற வசதியே இல்லாத இடத்தில் பல நாட்கள் தங்கிப் படமெடுப்பவருக்கு அந்தத் தட்டு உயிர்காக்கும் பொருள். உங்களுக்கு அது பெட்டியிலேயே கிடக்கப்போகும் பொருள்.

கடைசியாக, இன்னும் ஓரிரு ஆண்டுகளில் மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறும் எண்ணம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிஜி-இ14 கிரிப் 70டி, 80டி, 90டி ஆகிய மூன்றுக்கும் பொருந்தும்; அதற்கு மேல் எங்கும் கூட வராது. கேனான் ஆர்7, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி5 போன்ற உடல்களுக்கு நிறுவனமே பேட்டரி கிரிப் எதையும் தருவதில்லை. மறுபக்கம், மிர்ரர்லெஸ் உடல்களில் சென்சாரும் மின்னணு வ்யூஃபைண்டரும் ஓயாமல் இயங்குவதால் கிரிப்பின் மின்சாரப் பயன் அங்கேதான் உண்மையில் தெரியும். நிக்கான் டி750 கேமராவின் சிபா கணக்கு 1230 படங்கள், பின்னால் வந்த இசட்6 கேமராவின் கணக்கு 310 என்பதைப் பார்த்தாலே புரியும். நடைமுறையில் இதைவிட அதிகமாகவே கிடைக்கும் என்றாலும் இடைவெளி இடைவெளிதான்.

நெடுஞ்சட்டம்:

ஃபிலிம்காரன் ஐயா சொன்ன ஒற்றைக்கால் தாங்கி யோசனை சரியானதே. ஆனால் பல அரங்குகளில் பக்கவாட்டு வழியில் தாங்கிகளை நிறுத்த அனுமதிப்பதில்லை என்பதால்தான் நான் கிரிப்புக்கு வந்தேன். கேள்வி கேட்ட நண்பரின் நிலையும் அதுவாக இருக்கலாம்.

வாங்குவது என்று முடிவு செய்தால், பயன்படுத்தப்பட்ட அசல் கிரிப்பைத் தேடுங்கள் என்பதே என் பரிந்துரை. 70டி வெளிவந்த 2013 முதல் 90டி வெளிவந்த 2019க்குப் பின்னும் இதே மாதிரிதான் விற்கப்பட்டது. எனவே வெளியே நிறைய இருக்கின்றன. கேமராவை மாற்றியவர்கள் கிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் குறைந்த விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். கிரிப்புக்குள் நுண்ணிய பொறி எதுவும் இல்லை. பொத்தான்கள், ஒரு டயல், தொடுமுனைகள், ஒரு திருகு, அவ்வளவே. ஆகவே பழையதை வாங்குவதில் உள்ள ஆபத்து, பழைய லென்ஸை வாங்குவதில் உள்ளதைவிடப் பன்மடங்கு குறைவு.

ஆனால் உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுசென்று பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். திருகை இறுக்கிய பின் ஒரு கையால் கிரிப்பையும் மறு கையால் கேமராவையும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே பொருளைப் போல இருக்க வேண்டும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி அப்படியே பத்து நொடிகள் நிறுத்திப் பாருங்கள். டயலை மெதுவாகவும் வேகமாகவும் சுழற்றி, ஒரு சொடுக்குக்கு ஒரு படி மட்டும் மாறுகிறதா, கேமராவின் டயல் சுழலும் அதே திசையில் மாறுகிறதா என்று பாருங்கள். இந்தத் திசைக் குழப்பம் சில மலிவுத் தயாரிப்புகளில் உண்டு. விரல்களுக்குப் பழகிய பழக்கத்தைத் திருத்துவது எளிதன்று. பிறகு இரண்டு பேட்டரிகளையும் எடுத்துவிட்டு, தட்டின் இடப்பக்கத்தில் ஒன்றை மட்டும் போட்டும், வலப்பக்கத்தில் ஒன்றை மட்டும் போட்டும் கேமரா உயிர்பெறுகிறதா என்று சோதியுங்கள். ஒரு பக்கத்துத் தொடுமுனை மட்டும் பழுதாகி இருந்தால் இரண்டையும் போட்டுச் சோதிக்கும்போது அது தெரியாமலே போய்விடும்.

கிரிப்பின் மேல்தளத்தில் ஒரு பொந்து இருக்கும். கேமராவிலிருந்து கழற்றிய பேட்டரி மூடியை வைப்பதற்கான இடம் அது. மூடியை அங்கேயே வையுங்கள். மேசை இழுப்பறையில் வைத்தவர்கள், கிரிப்பை விற்கும் நாளில் மூடியைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் காரணத்துக்காகவோ மலிவான கிரிப்பையே வாங்குவதாக இருந்தால் மேலும் ஒரு சோதனை உண்டு. இரவு பேட்டரிகளை முழுமையாக மின்னேற்றிக் கிரிப்புக்குள் போட்டு, கேமராவை அணைத்து வைத்துவிட்டு, இரண்டு நாட்கள் கழித்துப் பேட்டரித் தகவல் பக்கத்தைப் பாருங்கள். அணைந்திருக்கும்போதும் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடிக்கும் கிரிப்கள் உண்டு. என்னுடைய முதல் கிரிப் அப்படித்தான் இருந்தது. திருப்பித்தர அனுமதிக்கும் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. மழைச்சாரலில் எடுக்கும் வழக்கம் இருந்தால் மலிவான கிரிப்பை நம்ப வேண்டாம், ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவற்றில் இணையும் விளிம்பைக் காக்கும் ரப்பர் அடைப்பு கிடையாது. பேட்டரி அறையின் மூடியைத் திறந்துவைத்து, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் செருகியிருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரட்டைக்கண்:

ஒரு சிறு சேர்க்கை. நீங்கள் கேமராவின் அடியில், கிடையாகவும் செங்குத்தாகவும் ட்ரைபாட்டில் பூட்ட உதவும் எல் வடிவத் தகடு எதையாவது பூட்டியிருந்தால், கிரிப் வந்த பிறகு அது பொருந்தாது. கிரிப்புடன் சேர்ந்த உயரத்துக்கென்று செய்யப்பட்ட வேறு தகடு வேண்டும். அதைப் போலவே, ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்துப் படமெடுக்கும் வேலைகளில் கிரிப்பின் அடியிலுள்ள துளையில் ட்ரைபாட்டைப் பூட்டாமல், கிரிப்பைக் கழற்றிவிட்டு உடலிலேயே நேராகப் பூட்டுங்கள். அசல் கிரிப்பாக இருந்தாலும் இடையில் ஓர் இணைப்பு கூடுதலாக இருப்பது அதிர்வுக்கு இடம்தரும்.

மேடையோரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஃபிலிம்காரன் ஐயா சொன்னபடி முதலில் நண்பர் ஒருவரின் கிரிப்பை இரவல் வாங்கி ஒரு நாடகம் முழுவதும் பயன்படுத்தினேன். கழுத்தில் எடை கூடியது உண்மை. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, கிரிப்போடு சேர்த்து மாட்டும் கைப்பட்டைக்கு மாறியதும் அது பொறுக்கும்படி ஆகிவிட்டது. முழங்கை விலாவோடு ஒட்டி இருப்பதால் தோள் வலி இல்லை. மெதுவான ஷட்டர் வேகங்களில் கை நடுக்கமும் முன்பைவிடக் குறைந்திருப்பதாகத் தோன்றுகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அரங்கில் தாங்கிகளுக்கு அனுமதி இல்லை என்று நெடுஞ்சட்டம் அவர்கள் ஊகித்ததும் சரியே.

அதன் பிறகு பயன்படுத்தப்பட்ட பிஜி-இ14 ஒன்றைத் தேடி வாங்கினேன். முதலில் பார்த்த கிரிப்பில், தட்டின் வலப்பக்கத்தில் மட்டும் பேட்டரியைப் போட்டபோது கேமரா உயிர்பெறவே இல்லை. விற்றவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்ததைத்தான் எடுத்துக்கொண்டேன். அதன் ஏஏ தட்டு இதுவரை உறையைவிட்டு வெளியே வரவில்லை. கிரிப்பின் விசையை நிறுத்த மறந்து முதல் நாளே ஒளியளவைக் குழப்பிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது எஞ்சியிருக்கும் ஒரே சிக்கல், கிரிப்போடு சேர்ந்த கேமரா என் பையின் அறைக்குள் நிமிர்ந்து நிற்க மறுப்பதுதான். தடுப்புகளை மாற்றி அதைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்கிறேன்.